வல்லை வெளிக்கு அப்பால் ஒரு மொறிஸ் மைனர்

யாழ்ப்பாணக் குடாநாட்டைக் காண வருவோர் நல்லூர்க் கோபுரத்தையும் பனங்கூடல்களையும் செம்மண் தோட்டங்களையும் வியந்து செல்வர். அவர்கள் வியக்கத்தக்க காட்சி இன்னொன்றும் இங்கு உண்டு. அறுபது, எழுபது வயதைக் கடந்த மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ்களும் ஒஸ்ரின் ஏ 40களும் கலியாண வீட்டு வாசலிலும் கோயில் வீதியிலும் நிற்பதே அது. பிறந்த நாட்டிலே காட்சிப் பொருளாகிவிட்ட வண்டிகள் இங்கு எவ்வாறு உழைக்கும் வண்டிகளாக நிலைத்தன?

செல்வச் செருக்கோ பழமைப் பற்றோ இதற்குக் காரணமன்று. 1960களிலே அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. அதன் பயனைக் குடாநாடு நன்கு நுகருமுன்னரே 1983இல் போர் மூண்டது. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோலும் உதிரிப் பாகங்களும் அரிதாயின. ஆகவே இருந்ததைக் காப்பதன்றி வேறு வழியில்லை. இன்மையே இவ்வண்டிகளுக்கு நீண்ட ஆயுளைத் தந்தது எனலாம்.

அத்தகைய வண்டி ஒன்று எமது குடும்பத்துக்கும் உண்டு. அதைப் புதுப்பிப்பதா, விற்பதா, இருந்தபடியே விடுவதா என்று முடிவு செய்யும் பொருட்டு அண்மையில் வடமராட்சிக்குச் சென்றோம்.

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறை ஏறத்தாழ 20 மைல். கோப்பாயைக் கடந்தால் நீர்வேலி வாழைத் தோட்டங்கள் இருமருங்கும் பசுமை காட்டும். புத்தூர், ஆவரங்கால் கழிந்ததும் வீடுகள் அருகி, வல்லை வெளி விரியும். மரமற்ற பரப்பு, நடுவே தொண்டைமானாற்று நீரேரி, அதன்மேற் பாலம். இவ்வெளியின் காற்று உடலுக்கு இதம் தருவது. ஆனால் உப்பு ஏந்தி வரும் அக்காற்றுக்கு இரும்பு என்றால் ஆகாது. வடமராட்சியில் வண்டி வைத்திருப்போர் எவரும் இதை அறிவர்.

எமது வண்டி 1957இல் வாங்கப்பட்ட மொறிஸ் மைனர் 1000. மலாயாவிலே உத்தியோகம் பார்த்து இளைப்பாறிய பாட்டனார் வாங்கியது. பழைய இலக்கத் தகடு இன்றும் அதில் உண்டு. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்து 1948இல் அறிமுகமான இவ்வினத்தில் 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. எமதோ 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள சிறிய எஞ்சின் கொண்டது.

இவ்வண்டியின் பெருமை அதன் பிறப்பில் இல்லை. 1990களில் அது செய்த ஊழியத்தில் உள்ளது. அக்காலத்தில் பெற்றோல் போத்தலில் அளந்து விற்கப்பட்டது. எந்தையார் சிறு போத்தலொன்றில் பெற்றோலை நிரப்பி, மெல்லிய குழாயால் காபரேற்றருடன் இணைத்திருந்தார். அதனால் எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எஞ்சின் சூடேறிய பின்னரே அதனால் ஓட முடியும். வெண்புகை தெருவை மறைக்கும். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்வதால், அதை அடிக்கடி மாற்றவும் வேண்டும். இவ்வாறு ஓடிய வண்டியிலேதான் எம் அயலில் எத்தனையோ தாய்மார் நள்ளிரவில் மந்திகை ஆஸ்பத்திரிக்குச் சென்றனர். 1995இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது எம் உறவினரின் முதியோரையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றி வந்ததும் இதுவே. பின்புற இடது மட்காட்டிலே செல் துண்டு துளைத்த வடு ஒன்றும், அதன்மேல் பால்மாப் பேணித் தகரத்தால் இட்ட ஒட்டு ஒன்றும் உண்டு.

தந்தையார் காலமானபின் வண்டி கொட்டகையை விட்டு அசையவில்லை. நெல்லியடியைச் சேர்ந்த முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்று காட்டினோம். நாம் ஆவலோடு எஞ்சின் மூடியைத் திறக்க, அவர் சாக்கை விரித்து வண்டிக்குக் கீழே புகுந்துவிட்டார்.

"தம்பி, எஞ்சினைப் பிறகு பாப்பம். இந்தக் காருக்கு அடிதான் உயிர்," என்றார்.

அவர் கூற்றின் பொருள் பின்னர் விளங்கிற்று. மொறிஸ் மைனருக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை, உடலே சட்டமுமாகும். எஞ்சினைக் கழற்றிச் செப்பனிடலாம். தளமும் கதவுகளின் கீழுள்ள பெட்டித் தகடுகளும் பின் வில்லுகள் பொருந்தும் இடங்களும் துருவால் உளுத்திருந்தால், பூச்சின் மினுக்கம் உயிரைக் காக்காது. அவர் சிறு சுத்தியலால் ஓரிடமாகத் தட்டி ஓசை கேட்டார். வலப்புறம் கணீரென்றது. மழை ஒழுகிய இடப்புறம் மங்கி ஒலித்தது. ஈரிடங்களிலே தகடு சல்லடையாகியிருந்தது. முன் சில்லுகளின் கீழ் மூட்டுகளையும் அவர் சுட்டிக்காட்டினார். கிறீஸ் இல்லாது அவை தேய்ந்தால், ஓடும்போதே சில்லு மடிந்து வண்டி சாய்ந்துவிடுமாம்.

அன்று மாலை எமது முற்றத்திலே குடும்ப சபை கூடிற்று. கனடாவிலிருந்து தொலைபேசியில் பேசிய அண்ணர், முற்றாகப் பிரித்துப் புதிய தகடு வைத்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் கோலத்துக்குக் கொணர வேண்டும் என்றார். கொழும்பிலே வாங்குபவர் ஆயத்தமாக உள்ளார், விற்றுவிடலாம் என்பது தங்கையின் கருத்து. வீட்டின் ஓட்டுக் கூரையும் இவ்வாண்டு பிரித்து மேயவேண்டிய நிலையில் இருந்தது. இரண்டுக்கும் ஒருங்கே பணம் இல்லை.

எல்லாவற்றையும் கேட்டிருந்த அம்மா மெல்லச் சொன்னார்: "விக்கிறதெண்டால் வில்லுங்கோ, நான் மறிக்கேல்லை. வைச்சிருக்கிறதெண்டால் ஓடுறதுக்கு வைச்சிருங்கோ. கொப்பர் அதைக் கும்பிடுறதுக்கு வைச்சிருக்கேல்லை, பிள்ளையள்."

இச்சொல் எமது சிந்தையைத் தெளிவித்தது. 1957இன் கோலத்துக்கு மீட்பதாயின், அந்தத் தகர ஒட்டு கழற்றி எறியப்படும்; மட்காட் மாற்றப்படும்; போத்தல் வைத்த கம்பி வளையமும் போய்விடும். பாட்டனார் காசு கொடுத்து வாங்கிய வண்டி கிடைக்கும். தந்தையார் ஊருக்கு ஓட்டிய வண்டி மறைந்துவிடும். பழையதைக் காப்பதாகக் கூறிக்கொண்டு அதன் வரலாற்றை அழிப்பது முறையாகுமா?

ஆதலின் நாம் கொண்ட முடிவு இது. முதலில் வீட்டுக் கூரை. அதனோடு கொட்டகையின் ஒழுக்கை அடைத்து, ஈர மண் தரைக்குச் சீமெந்து இட்டு, துரு மேலும் பரவாது தடுத்தல். அடுத்த ஆண்டு இடப்புறத் தகடுகள், முன் மூட்டுகள், பிரேக்குகள். இவற்றிலே சிக்கனம் கூடாது. மூன்றாவதாக எஞ்சின். இன்று கிடைப்பது ஈயம் கலவாத பெற்றோல் ஆகையால், வால்வுகள் அமரும் வளையங்களைக் கடினமானவையாக மாற்றுதல் நலம். தென்னிலங்கையிலேயே மொறிஸ் மைனருக்குத் தகடுகள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய தொழிற்சாலை ஒன்று 1990களில் இயங்கியது. அத்தகைய கைத்திறன் எம் நாட்டுக்குப் புதிதன்று. பூச்சு இறுதியில், பணம் மிஞ்சினால் மட்டும். வடுவும் ஒட்டும் இருந்தபடி இருக்கும். அண்ணர் முதலிற் சற்றுத் தயங்கினார். பின்பு, பிரேக்குச் செலவு தமதென்று கூறி இணங்கினார். விற்பனைப் பேச்சைத் தங்கையும் கைவிட்டார்.

முன்னோர் விட்டுச்சென்ற வண்டியொன்று வீட்டிலே உறங்குமாயின், வாசகர்கள் மூன்றை முதலில் ஆராய்வார்களாக: அடித்தகடு உறுதியாக உள்ளதா? செலவால் வீட்டின் தேவை எதுவும் தடைப்படுமா? திருத்தியபின் அதை ஓட்டுவதற்கு ஆளும் வேலையும் உண்டா? மூன்றுக்கும் விடை நன்றாயின் துணிந்து இறங்கலாம். அன்றெனில், ஓட்டி மகிழக்கூடிய ஒருவர் கையில் ஒப்படைப்பது வண்டிக்குச் செய்யும் மரியாதையே. கொட்டகையிலே துருப்பிடிக்க விடுவது மட்டும் தகாது.