சம்மதம் யாருடையது?

உறுப்பு தானம் பற்றிப் பேச்சுப் போட்டி வைத்தால், நாங்கள் எல்லோரும் "உயிர் காக்கும் உன்னத தானம்" என்றுதான் தொடங்குவோம். அது உண்மைதான். ஆனால் அந்தத் தானத்தைக் கொடுப்பவரின் பக்கத்தில் நின்று பேசுபவர்கள் குறைவு. அவரைப் பற்றியும், அவருக்குத் துணை நிற்கக்கூடிய தாதியரைப் பற்றியும் எழுத விரும்புகிறேன்.

தானம் என்பது எங்கள் நாட்டுக்குப் புதிதல்ல. 1958 இல் மருத்துவ மாணவராக இருந்த ஹட்சன் சில்வா, இறந்தவரின் கண்ணால் இன்னொருவர் பார்க்கலாம் என்று பத்திரிகையில் எழுதினார். 1961 இல் இலங்கைக் கண் தான சங்கத்தை ஆரம்பித்தார். 1964 இல் இங்கிருந்து விழிவெண்படலங்கள் சிங்கப்பூருக்குப் போயின. அதன் பிறகு எத்தனையோ நாடுகளில் மனிதர்கள் இலங்கையர் ஒருவரின் கண்ணால் உலகைப் பார்க்கிறார்கள்.

ஆனால் கண்ணை இறந்த பின்புதான் கொடுக்கிறோம். சிறுநீரகத்தை உயிரோடு இருக்கும்போதே கொடுக்கலாம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே என் மாமா இருக்கிறார். நீரிழிவால் அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. கிழமைக்கு மூன்று நாள் டயாலிசிஸ். யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால் நல்லது என்று வைத்தியர் சொன்ன அன்றிலிருந்து, குடும்பத்தில் எல்லோருடைய பார்வையும் என் சாச்சியின் மேல் விழுந்தது. உம்மாவின் கடைசித் தங்கை அவர், கல்யாணம் முடிக்கவில்லை. "அவளுக்கு என்ன, பிள்ளை குட்டியா?" என்றார்கள். "கூடப் பிறந்த நானாவுக்குத்தானே" என்றார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் சாச்சியிடம் விருப்பமா என்று யாரும் கேட்கவுமில்லை. அவர் ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த மௌனத்தையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பரிசோதனைக்குப் போன இடத்தில் ஒரு தாதி, கூடப் போன எல்லோரையும் வெளியே இருக்கச் சொன்னாராம். சம்மதப் படிவம் சிங்களத்தில் இருந்தது. சாச்சி படித்தது தமிழ். அதனால் தமிழ் பேசும் இன்னொரு தாதியை அழைத்து வந்து, ஒவ்வொரு வரியாக விளங்கப்படுத்தினாராம். பிறகு, "உங்களுக்கு மனம் இல்லாவிட்டால் சொல்லுங்கள். காரணம் வெளியே போகாது" என்றாராம். இவ்வளவுதான் சாச்சி எங்களுக்குச் சொன்னது. சில நாட்களின் பின்னர், "இவர் தானம் கொடுக்கப் பொருத்தமில்லை" என்று வைத்தியசாலையில் சொன்னார்கள். பொருந்தாதது குருதியா, மனமா என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் கேட்கவுமில்லை. அது அவருடைய உரிமை என்று நினைக்கிறேன்.

மாமாவைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. என்றாலும் அந்தத் தாதி செய்தது சரி என்றே எனக்குப் படுகிறது. 'இல்லை' என்று சொல்ல முடியாத இடத்தில் சொல்லப்படும் 'ஆம்' தானமாகாது.

குடும்பத்துக்குள் இருப்பது பாசத்தின் அழுத்தம் என்றால், வெளியே இருப்பது வறுமையின் அழுத்தம். எங்கள் நாட்டில் 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் உறுப்புகளை விற்பதையும் வாங்குவதையும் தடுக்கிறது. ஆனாலும் 2016 ஜனவரியில், இந்தியாவில் பிடிபட்ட சிறுநீரக வியாபாரத்துக்கும் கொழும்புக்கும் தொடர்பிருப்பதாகச் செய்தி வந்தபோது, வெளிநாட்டவருக்கான சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சைகளை அரசாங்கம் நிறுத்த வேண்டியிருந்தது. 2022 இன் கடைசியில், பணம் தருவதாகச் சொல்லிச் சிறுநீரகத்தை எடுத்துவிட்டு ஏமாற்றினார்கள் என்று கொழும்பின் ஏழைகள் சிலர் பொலிஸில் முறையிட்டார்கள். காகிதத்தில் கையொப்பம் இருப்பதால் மட்டும் அது சம்மதமாகிவிடாது. கட்டிலருகே நிற்கும் தாதி, "யார் உங்களை அழைத்து வந்தார்?" என்று கேட்கும் ஒரு கேள்வி, ஒரு மனிதரைக் காப்பாற்றலாம்.

உயிரோடு இருப்பவர்களை நெருக்காமல் இருக்க வேண்டுமானால், இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் தானம் கூட வேண்டும். இங்கே எங்கள் சமூகத்தில் பலருக்குத் தயக்கம் உண்டு. மையித்தின் கண்ணியம், ஜனாஸாவைத் தாமதிக்காமல் அடக்குவது ஆகியவை எங்களுக்கு முக்கியம். உலமாக்களிடையேயும் கருத்து வேறுபாடு உள்ளது. எனினும் 1986 இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி மூளைச்சாவை மரணமாக ஏற்றது. 1988 இல் ஜித்தாவில் கூடி, விற்பனை இல்லாமல், இறந்தவர் முன்பே தந்த அனுமதியோடு அல்லது வாரிசுகளின் அனுமதியோடு உறுப்பு தானம் செய்யலாம் என்று தீர்மானித்தது. ஓர் உயிரை வாழவைப்பதன் மதிப்பை சூரா அல்மாயிதாவில் ஓதாதவர்கள் எங்களில் யார்?

சென்னையில் 2008 செப்டம்பரில் ஹிதேந்திரன் என்ற மாணவன் வீதி விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, வைத்தியர்களான அவனுடைய பெற்றோர் அவனுடைய உறுப்புகளைத் தானம் செய்தார்கள். அவனுடைய இதயம் ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அவர்கள் வைத்தியர்கள், மூளைச்சாவு என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அது தெரியாது. இயந்திரத்தின் உதவியால் மார்பு ஏறி இறங்கும், கை சூடாக இருக்கும். "மௌத்தாகிவிட்டார் என்கிறீர்கள், மூச்சு வருகிறதே?" என்று ஒரு தாய் கேட்பாள். அந்தக் கேள்வியை இரவும் பகலும் எதிர்கொள்பவர் தீவிர சிகிச்சைப் பிரிவின் தாதிதான். அவர் இறந்தவரின் இரத்த அழுத்தத்தையும் உடல் வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். உடலைக் கண்ணியமாகத் துடைத்துவிட வேண்டும். அழுபவர்களுக்கு நேரம் கொடுக்க வேண்டும். மரணத்தை உறுதிசெய்யும் வைத்தியர்கள் உறுப்பைப் பொருத்தும் குழுவில் இருக்கக்கூடாது என்ற விதி ஏன் இருக்கிறது என்பதையும் விளக்க வேண்டும். அப்போதுதான் நம்பிக்கை பிறக்கும்.

பெற்றோர்களே, மரணத்தைப் பற்றி வீட்டில் பேசுவது அபசகுனம் அல்ல. உங்கள் விருப்பம் எதுவானாலும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். சொல்லாமல் விட்டால், மிகவும் துக்கமான ஒரு நேரத்தில் அந்த முடிவைச் சுமக்கப்போவது அவர்கள்தான்.

என் தோழிகளே, உயிரியல் பிரிவில் படிக்கும் நாம் எல்லோரும் வைத்தியராக வேண்டும் என்றே கனவு காண்கிறோம். தாதியர் சேவை என்றால் எங்கள் வீடுகளில் முகம் சுளிக்கிறார்கள். "இரவு வேலை, பொம்பிளைப் பிள்ளைக்குச் சரிவராது" என்கிறார்கள். ஆனால் எங்கள் உம்மாமாருக்கு அவர்களுடைய மொழியில் விளங்கப்படுத்த, ஜனாஸாவின் அவசரத்தைப் புரிந்துகொள்ள, வாய் திறக்காத ஒரு சாச்சியைத் தனியே அழைத்துக் கேட்க, எங்களிலிருந்தும் தாதியர் வேண்டும். நான் விண்ணப்பிக்கத் தீர்மானித்துவிட்டேன். வாப்பா இன்னும் 'சரி' என்று சொல்லவில்லை. அவருடைய சம்மதத்தையும் நான் நெருக்கிப் பெற விரும்பவில்லை. பேசிப் புரியவைத்துப் பெறுவேன், இன்ஷா அல்லாஹ்.