தகரப்பெட்டியும் ஒன்பது மாகாணங்களும்

சாங்வியில் குடியிருப்பவன் எல்லைக்கோடுகளை எண்ணாமல் ஒரு நாளையும் கழித்துவிட முடியாது. முளா ஆற்றின் இக்கரை பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியைச் சேர்ந்தது. பாலத்தைக் கடந்து ஔந்தில் கால் வைத்தால் அது புணே மாநகராட்சி. வீட்டுவரி கட்டுமிடம் வேறு. குப்பை வண்டியின் நிறம் வேறு. 2018 முதல் போலீஸ் ஆணையரகமும் வேறு. மழைக்காலத்தில் ஆறு பெருகும்போது மட்டும் அது இரு மாநகராட்சிகளுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை.

மைய அரசு அலுவலகமொன்றில் எழுத்தராகப் பணிபுரியும் நான் நாள்தோறும் இப்பாலத்தைக் கடந்து செல்கிறேன். புணேக்கு வந்த புதிதில், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு வழி கேட்டபோது ஒரு முதியவர் 'கச்சேரியா?' என்று மராத்தியில் திருப்பிக் கேட்டார். நம்மூரில் கச்சேரி என்றால் சபாவும் தம்புராவுமல்லவோ நினைவுக்கு வரும்! ஆனால் எனக்கு நினைவு வந்தது வேறு. என் தந்தையார் சிறுவயதில் எங்களுக்குச் சொன்ன கதைகளில் 'கச்சேரி' என்ற சொல் அடிக்கடி வரும். 'கச்சேரிக்கு மனுப் போட்டோம்', 'கச்சேரியில் ஏட்டைப் புரட்டினார்கள்' என்பார். அங்கே பாட்டில்லை, கொட்டில்லை. அரசாங்க அதிபர் அமர்ந்து ஆட்சி புரியும் இடத்துக்கு இலங்கையில் அதுவே பெயர். 1796 முதல் இரண்டாண்டுகள் அத்தீவின் கரைப்பகுதியைச் சென்னையிலிருந்து கம்பெனியார் ஆண்டார்கள். அவர்களுடைய வரித்தண்டலாளர்களோடு இச்சொல்லும் கடல் கடந்து போயிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

என் தந்தையார் பிறந்தது 1948ஆம் ஆண்டில், அப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். 1972இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியபோது என் பாட்டனாரின் தோளில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. மண்டபம் முகாமிலும், பின்னர்க் கூடலூரை அடுத்த சேரம்பாடியில் அரசுத் தேயிலைத் தோட்டத்திலும் அப்பெட்டி அவரோடேயே இருந்தது. இன்று அது சாங்வியில் எங்கள் வீட்டுக் கட்டிலின் கீழே இருக்கிறது. எண்பதை நெருங்கும் என் தந்தையார் அதன் சாவியைப் பூணூலில் கோத்தாற்போலக் கழுத்துக் கயிற்றில் வைத்திருக்கிறார்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பெட்டியை என்னிடம் திறந்து காட்டினார். அடியில் இருந்தது, மடிப்புகளில் கிழிந்துபோன ஓர் ஆங்கிலக் கடிதம். என் பாட்டனார் இலங்கைக் குடியுரிமைச் சான்றிதழ் கோரி அனுப்பிய மனு ஏற்கப்படவில்லை என்பதே அதன் சாரம். 'இதைப் படித்துச் சொல்லு தம்பி. எங்க அப்பாவை அவங்க பொய்யன்னு சொன்னாங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லு' என்றார். ஐம்பதாண்டுகளுக்கு மேல் இக்கேள்வியை அவர் சுமந்து வந்திருக்கிறார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

கோப்பு படிப்பது என் தொழில். எனவே கடிதத்தை நிதானமாகப் படித்தேன். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, இலங்கையில் பிறந்தவன் வம்சாவளியாகக் குடிமகனாக வேண்டுமானால் அவன் தந்தையும் இலங்கையில் பிறந்தவராக இருக்க வேண்டும்; இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். மலையகத் தமிழரில் மிகப்பெரும்பாலோர் இவ்வொரு விதியினால் நாடற்றவராயினர் என்பதை அன்பர்கள் அறிவார்கள். என் பாட்டனார் பிறந்தது 1912இல். அவர் தந்தை பிறந்தது 1884இல். இருவரும் பிறந்தது ஒரே தோட்டம் என்று மனுவில் எழுதியிருந்தார்கள். ஆயின் மகனின் பதிவில் 'ஊவா மாகாணம்' என்றிருக்க, தந்தையின் பதிவைப் பார்த்துக் கணக்கப்பிள்ளை மனுவில் எழுதியது 'மத்திய மாகாணம்'. தோட்டத்தின் பெயரும் இடையே கைமாறியபோது மாறிவிட்டது. ஒரே இடம் எங்ஙனம் இரண்டு மாகாணங்களில் இருக்கக்கூடும்? மனுவில் கூறியவை ஒன்றோடொன்று ஒவ்வவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டார் எவரோ ஓர் அதிகாரி.

வரலாற்றில் பி.ஏ. படித்தவன் நான். படித்தது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, பயன்பட்டது அன்றுதான்.

ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது அத்தீவு ஒரே ஆட்சியின் கீழ் இருக்கவில்லை. கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கொழும்பு, காலி, யாழ்ப்பாணம் என மூன்று பிரிவுகளாக வைத்திருந்தனர். யாழ்ப்பாணத்துக்குள்ளே வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, பச்சிலைப்பள்ளி என்ற பழைய பிரிவுகளை அவர்கள் குலைக்கவில்லை. மலைநாட்டில் கண்டி அரசர்களின் ஆட்சி. அங்கே பன்னிரண்டு திசாவைகள், ஒன்பது இரட்டைகள் என இருபத்தொரு பிரிவுகள் இருந்தன. 1815 மார்ச்சு 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கை எழுதப்பட்டபின் தீவு முழுவதும் பிரித்தானிய முடியின் கீழ் வந்தது. ஆயினும் கண்டிப் பகுதியைக் கரைநாட்டோடு கலவாமல் தனியாகவே ஆண்டார்கள். 1817-18இல் ஊவாவில் மூண்ட பெருங்கிளர்ச்சியும் அதை அடக்கிய கொடுமையும் அப்பகுதியை வெறிச்சோடச் செய்தன.

இரண்டு வகை ஆட்சி என்றால் இரண்டு வகைச் செலவு. வரவுக்கு மீறிச் செலவழிக்கும் குடியேற்ற நாட்டை இலண்டன் எத்தனை நாள் பொறுக்கும்? வில்லியம் கோல்புரூக் 1829இலும் சார்லசு ஹே கமரன் அடுத்த ஆண்டிலும் விசாரணை ஆணையாளர்களாக வந்தனர். (இக்கமரனே பின்னர்க் கல்கத்தாவில் சட்ட உறுப்பினரானவர், ஒளிப்படக் கலையில் பெரும்புகழ் பெற்ற ஜூலியா மார்கரெட் கமரனின் கணவர், முதுமையில் இருவரும் இலங்கைக்கே வந்து அங்கேயே மறைந்தனர்.) அவர்களுடைய பரிந்துரைப்படி 1833இல், ஆளுநர் ஹோர்ட்டன் காலத்தில், தீவு முழுவதும் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என ஐந்து மாகாணங்களாக்கப்பட்டது. திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பெயரிட்டாற்போல் இல்லையா?

பெயர்கள் எளிமையானவை, கோடுகள் அப்படியல்ல. பழைய கண்டி அரசு ஐந்து துண்டாயிற்று. அனுராதபுரத்தைத் தன்னுள் கொண்ட நுவரகலாவிய யாழ்ப்பாணத்தைத் தலைநகராகக் கொண்ட வட மாகாணத்தோடு சேர்ந்தது. தமன்கடுவை கிழக்கோடும், ஏழு கோறளை மேற்கோடும், சப்ரகமுவவும் கீழ் ஊவாவும் வெல்லஸ்ஸையும் தெற்கோடும் சேர்ந்தன. எஞ்சியதே மத்திய மாகாணம். கண்டியர் என்ற தனி உணர்வைத் தளர்த்துவதும், நிருவாகத்தை ஒரே வார்ப்பில் வார்ப்பதும், உத்தியோகங்களைக் குறைப்பதும் ஒருங்கே நிறைவேறின. ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஓர் அரசாங்க அதிபர். வரி, சாலை, குளம், அமைதி எல்லாம் அவர் பொறுப்பு. வடக்கில் டைக் என்பவர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளும், அவருக்குப்பின் துவைனம் என்பவர் 1869 முதல் 1896 வரையும் அதிகாரம் செலுத்தினர். மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றல் ஆணையைக் கையில் வாங்கும் என் போன்றோர் பெருமூச்சு விடலாம்.

எல்லைக்கோடு நிலத்தை மட்டும் பிரிப்பதன்று என்பதற்குத் தேசவழமை ஒரு சான்று. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்து, ஆங்கிலேயர் 1806இல் உறுதிசெய்த அச்சட்டம் யாழ்ப்பாண மாகாணத்துத் தமிழருக்கு உரியது. மட்டக்களப்புத் தமிழருக்கு அது பொருந்தாது. சீதனமும் முதுசொமும் எவ்வழியில் இறங்கும் என்பதை, ஒருவரது தாய்மொழியோடு அவர் எந்த மாகாணத்தவர் என்பதும் சேர்ந்தே தீர்மானித்தது.

ஐந்து என்ற எண்ணிக்கை நிலைக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்குள்ளே, 1845இல், மேல் மாகாணத்தை உடைத்து வடமேல் மாகாணம் எழுந்தது. 1873இல் ஆளுநர் கிரெகரி, யாழ்ப்பாணத்திலிருந்து எட்டாத தொலைவில் தூர்ந்த குளங்களோடும் காய்ச்சலோடும் கிடந்த நுவரகலாவியவைத் தமன்கடுவையோடு சேர்த்து வடமத்திய மாகாணமாக்கினார். 1889இல் சப்ரகமுவ தனியாயிற்று. அதற்கு மூன்றாண்டு முன்னே, 1886இல், ஆளுநர் ஆர்தர் கோர்டன் காலத்தில், பதுளையைத் தலைநகராகக் கொண்டு ஊவா மாகாணம் பிறந்தது. அதுவரை பதுளைப் பகுதி எதனுள் இருந்தது? மத்திய மாகாணத்தினுள்.

இவ்வரியைப் படித்தபோது என் கை நின்றுவிட்டது. 1884இல் பிறந்த என் கொள்ளுப்பாட்டனார் மத்திய மாகாணத்தில்தான் பிறந்தார். 1912இல் பிறந்த என் பாட்டனார் ஊவா மாகாணத்தில்தான் பிறந்தார். லயம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன்மேல் மாகாணம் மட்டும் மாறியது. மனுவில் இருந்த இரண்டு சொற்களும் மெய். இதைச் சொல்லக்கூடிய ஏடு அந்த அதிகாரியின் அலமாரியிலேயே இருந்திருக்கும்.

அது ஒன்றே மனு தோற்றதற்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். சட்டமே அவர்களை வெளியே நிறுத்துவதற்காக எழுதப்பட்டது. இக்குறை இல்லாவிடில் வேறொரு குறை கண்டிருப்பார்கள். கோப்பை மூடவேண்டும் என்று முடிவு செய்துவிட்டவனுக்குக் காரணம் கிடைப்பது அரிதன்று. இருபதாண்டு எழுத்தர் வேலையில் நான் கண்டதுதான் இது. ஆயினும் மறுக்கப்படுவது ஒன்று, பொய்யன் எனப்படுவது மற்றொன்று.

எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் இன்றும் தோட்டத்திலிருந்து மீண்டவர்களைக் 'கண்டிக்காரர்' என்பார்கள். இலங்கை மலைநாடு முழுவதும் அவர்களுக்குக் 'கண்டிச்சீமை'. இது அறியாமையினால் வந்த வழக்கு என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். கோப்பித் தோட்டக் காலத்தில் மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்துபோன எங்கள் முன்னோருக்குப் பதுளைமலையும் கண்டித் தலைநகரின் கீழ்த்தானே இருந்தது! ஆங்கிலேயன் 1886இல் வரைபடத்தை மாற்றிவிட்டான்; இராமநாதபுரத்துக் கிழவி மாற்றவில்லை.

இன்னொரு வியப்பும் உண்டு. ஊவாவை விட்டு எங்கள் குடும்பம் வந்து சேர்ந்த கூடலூரும் இப்படிக் கைமாறிய பகுதியே. நீலகிரி 1868இல் கோயம்புத்தூரிலிருந்து பிரிந்து தனியாயிற்று. கூடலூர் அடங்கிய தென்கிழக்கு வயநாடு 1877இல்தான் மலபாரிலிருந்து எடுத்து நீலகிரியோடு இணைக்கப்பட்டது. மாவட்டம் மாறினாலும் மலபாரின் சன்மி நிலவுரிமை அங்கே தங்கிவிட்டது. அதை ஒழிக்க 1969இல் தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. வழக்குகளோ அதற்குப்பின்னும் பல்லாண்டுகள் நீண்டன. நான் பள்ளியில் பயின்ற காலத்தில், வீட்டுமனைக்குப் பட்டா ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கும் அண்டை வீட்டாருக்கு எவரும் மலபாரைப் பற்றிச் சொன்னதாக நினைவில்லை.

இலங்கையில் 1889இல் அமைந்த ஒன்பது மாகாணங்களும் பின்னர் நிலைத்துவிட்டன. மாவட்டங்கள்தாம் பெருகின. மட்டக்களப்பிலிருந்து அம்பாறை 1961இலும், யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி 1984இலும் பிரிந்து, இன்று இருபத்தைந்து. 1987இல் மாகாண சபைகளுக்குச் சட்டமியற்றியபோது அவற்றுக்கு அடிப்படையானவையும் அப்பழைய கோடுகளே. வடக்கும் கிழக்கும் 1988இல் இணைக்கப்பட்டு, 2006இல் நீதிமன்றத் தீர்ப்பு வந்து, 2007 தொடங்கியபோது மீண்டும் இரண்டாயின. செலவைச் சுருக்க வந்த கோல்புரூக் இவற்றில் எதையும் கனவு கண்டிருக்கமாட்டார்.

இவற்றையெல்லாம் தந்தையாரிடம் ஒரு மாலை எடுத்துரைத்தேன். கிரெகரியும் கோர்டனும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. '1886' என்ற எண்ணை மட்டும் இருமுறை சொல்லச்சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு, பட்டிப்பொளையைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் ரயில் நுழையும்போது இப்பக்கம் மழையும் வெளியே வரும்போது அப்பக்கம் வெயிலுமாக இருக்கும் என்று, கேட்காத ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

'அதிகாரிக்கு எப்படி எழுதுவியோ அப்படியே ஒண்ணு எழுது தம்பி' என்றார் கடைசியில்.

அலுவலக வழக்கப்படி இடப்பக்கம் ஓரம் விட்டு எழுதினேன். பொருள்: மனுதாரரின் தந்தை பிறந்த மாகாணம் குறித்த ஐயம். ஒன்று, இரண்டு, மூன்று எனப் பத்திகளுக்கு எண்ணிட்டேன். பதுளை 1886 வரை மத்திய மாகாணத்தைச் சேர்ந்ததாகலின் மனுவிலுள்ள கூற்றில் முரண்பாடு எதுவும் இல்லை. மனுதாரர் கூறியது உண்மை என முடித்துக் கீழே கையெழுத்திட்டேன். யாருடைய ஆணைக்காகச் சமர்ப்பிப்பது என்று தெரியாமையால் அவ்விடத்தை வெறுமையாக விட்டேன்.

தந்தையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். 'தேதி போடலையே' என்றார். போட்டுக் கொடுத்தேன். பழைய கடிதத்தின் மேலே அதை வைத்து மடித்துப் பெட்டியைப் பூட்டினார்.