உடம்பும் மூளையும்: வடாலாவில் ஒரு கூடைப்பந்து வாக்குவாதம்

தமிழில் ‘நடை’ என்னும் சொல் காலுக்கும் உரியது, எழுத்துக்கும் உரியது. ஒருவர் அடியெடுத்து வைக்கும் விதத்தையும் ஒருவர் தொடர் அமைக்கும் விதத்தையும் அதே சொல்லால்தான் குறிக்கிறோம். கூடைப்பந்தில் இவ்விரு பொருளும் ஒன்றாகிவிடுகின்றன. பந்தைக் கையில் பிடித்தபின் இரண்டு எட்டுக்குமேல் வைக்கக்கூடாது என்பது விதி. அந்த இரண்டு எட்டை எங்கே, எப்போது, எந்தத் திசையில் வைக்கிறார் என்பதே ஓர் ஆட்டக்காரரின் நடை.

வடாலா கிழக்கில், ஆண்டாப் ஹில் பக்கம், ஒற்றை அறை கொண்ட ஒரு வீட்டில் ஞாயிறுதோறும் இந்த நடையைப் பற்றித்தான் வாக்குவாதம். தந்தை திருநெல்வேலிச் சீமையிலிருந்து பதினெட்டு வயதில் பம்பாய்க்கு வந்தவர். துறைமுகத்தை ஒட்டிய ஒரு தனியார் கிடங்கில் முப்பது ஆண்டுகளுக்குமேல் மூட்டை சுமந்து ஓய்ந்தவர். மகள் கல்லூரி மாணவி. கல்லூரி அணியில் ஃபார்வர்டு. 2019 அக்டோபர் 4 அன்று வொர்லியின் என்எஸ்சிஐ டோமில் இந்தியானா பேசர்ஸும் சாக்ரமெண்டோ கிங்ஸும் மோதின. என்பிஏ அணிகள் இந்திய மண்ணில் ஆடிய முதல் ஆட்டம் அது. அன்று அரங்கை நிறைத்த பள்ளிப் பிள்ளைகளுள் மகளும் ஒருத்தி. வீடு திரும்பியவள் இரவு முழுவதும் டி.ஜே. வாரன் என்ற ஃபார்வர்டைப் பற்றியே பேசினாள். வளையத்துக்கும் மூன்று புள்ளிக் கோட்டுக்கும் இடைப்பட்ட, எவரும் விரும்பாத அந்த நடுநிலத்தில் நின்றே அவர் புள்ளிகளைக் குவித்திருந்தார். கேட்டுக்கொண்டிருந்த தந்தைக்கும் ஆட்டம் அன்றே தொற்றிக்கொண்டது.

கைபேசியின் சிறு திரையில் இருவரும் பழைய ஆட்டங்களைப் பார்ப்பார்கள். தந்தையின் தேர்வு டிர்க் நோவிட்ஸ்கி. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் பிறந்து, 21 பருவங்களையும் டல்லாஸ் அணிக்கே ஆடி, 31,560 புள்ளிகளுடன் ஓய்வுபெற்றவர். ஒரு முழங்காலை உயர்த்தி, ஒற்றைக் காலில் பின்னோக்கிச் சாய்ந்து அவர் எறியும் பந்தைத் தடுக்க எதிராளிக்கு வழியே இல்லை. அவரை உருவாக்கிய ஹோல்கர் கெஷ்விண்ட்னர் கணிதமும் இயற்பியலும் கற்றவர். பந்து எந்தக் கோணத்தில் கையை விட்டுப் புறப்பட வேண்டும் என்று கணக்கிட்டுப் பயிற்றுவித்தவர். 2011 மே மாதம் ஓக்லஹோமா சிட்டி அணிக்கு எதிரான அரையிறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் டிர்க் 48 புள்ளிகள் எடுத்தார். களத்திலிருந்து 15 எறிதல்களில் 12. ஃப்ரீ த்ரோ 24க்கு 24. அந்த நாற்பத்தெட்டில் மூன்று புள்ளி எறிதல் ஒன்றுகூட இல்லை. “மூளை வேணும்ளா இதுக்கு” என்பது தந்தையின் தீர்ப்பு.

மகளின் தேர்வு யானிஸ் ஆண்டெட்டோகௌன்போ. நைஜீரியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு ஏதென்ஸில் பிறந்தவர். தெருவில் பொருள் விற்ற குடும்பம். 2013இல்தான் கிரேக்கக் குடியுரிமை கிடைத்தது. மூன்று புள்ளிக் கோட்டருகே பந்தை ஒருமுறை தட்டிவிட்டு, இரண்டே எட்டில் வளையத்தை அடைந்துவிடுவார். இவரைப் பற்றித் தந்தை சொல்வது: “உடம்பு. வேறென்ன இருக்கு?”

அந்த வீட்டில் மாதக்கணக்காக இதற்குமேல் வாதம் நகரவில்லை. பிறகு மகள் ஒரு வேலை செய்தாள். பழைய நோட்டு ஒன்றின் பக்கத்தை நடுவில் கோடிட்டு, வர்ணனையாளர்களும் தந்தையும் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் சூட்டும் சொற்களைக் குறித்துவந்தாள். இடப்பக்கம் நிரம்பியது: கணக்கு, நிதானம், நுட்பம், பொறுமை, உழைப்பு. வலப்பக்கமும் நிரம்பியது: வேகம், பாய்ச்சல், நீளம், வலு, பிறவி வரம். இடப்பக்கத்தில் டிர்க்கும் லேரி பேர்டும் இருந்தார்கள். வலப்பக்கத்தில் யானிஸும் லெப்ரான் ஜேம்ஸும் இருந்தார்கள். இன்னொன்றும் அவள் கண்ணில் பட்டது. டிர்க்கைப் பற்றிய தொடர்களில் எழுவாய் டிர்க்: அவர் பார்த்தார், தேர்ந்தார், எறிந்தார். யானிஸைப் பற்றிய தொடர்களில் எழுவாய் பெரும்பாலும் அவருடைய கைகள், கால்கள், தோள்கள். ஆள் செய்த வினையாக அல்லாமல் உடலுக்கு நேர்ந்த நிகழ்வாகவே அது சொல்லப்பட்டது.

இந்தக் கோடு பழையது. 1987இல் பாஸ்டனிடம் தோற்ற டெட்ராய்ட் அணியின் டென்னிஸ் ராட்மன், லேரி பேர்ட் வெள்ளையர் என்பதால்தான் மிகைபடப் புகழப்படுகிறார் என்றார். ஐசேயா தாமஸ் அதை ஆமோதித்துப் பெரும் கண்டனத்துக்கு ஆளானார். பின்னர் தாமஸ் தந்த விளக்கம் அந்தச் சர்ச்சையைவிட முக்கியமானது. பேர்ட் ஒரு அரிய ஆட்டத்தை ஆடினால் அது சிந்தனைக்கும் உழைப்புக்கும் கிடைத்த பயன் எனப்படுகிறது. கறுப்பினத்தவர் ஆடினால் அது இயல்பூக்கம் எனப்படுகிறது. பயிற்சி என்ற ஒன்றையே அவர்கள் அறியாதவர்கள் போல. இதுவே அவருடைய முறையீட்டின் சாரம். 2020இல் ஐரோப்பியக் கால்பந்துத் தொடர்களின் 80 ஆட்டங்களுக்கான ஆங்கில வர்ணனையை எண்ணிப் பார்த்த ஆய்விலும் இதே பாகுபாடு தென்பட்டது. அறிவுக்கும் உழைப்புக்குமான பாராட்டு வெளிர்நிற ஆட்டக்காரர்கள் பக்கமும், வலுவும் வேகமும் கருநிற ஆட்டக்காரர்கள் பக்கமும் சாய்ந்திருந்தன.

ஆட்டத்தை உற்றுப் பார்த்தால் அந்தக் கோடு நிற்பதில்லை. 2011 இறுதித் தொடரில் டிர்க்கின் டல்லாஸிடம் லெப்ரானின் மயாமி தோற்றது. அந்தக் கோடையில் லெப்ரான் ஹியூஸ்டனுக்குச் சென்று, ஓய்வுபெற்றிருந்த ஹக்கீம் ஒலாஜுவானிடம், வளையத்துக்கு முதுகைக் காட்டி நின்று புள்ளி எடுக்கும் கலையை மாணவனைப் போல் கற்றார். 2018இல் ஒரு தோல்விக்குப் பின்னான செய்தியாளர் சந்திப்பில், ஆட்டத்தின் ஒரு பகுதியில் நடந்தவற்றை வரிசை பிசகாமல் நினைவிலிருந்தே ஒப்பித்தார். 2024இல் 40,000 புள்ளிகளைக் கடந்த முதல் என்பிஏ ஆட்டக்காரர் ஆனார். கெவின் டியூரண்ட் 2019 இறுதித் தொடரில் குதிகால் நாண் அறுந்து, அடுத்த பருவம் முழுவதும் ஆடாமல் இருந்தார். குதிப்பும் வேகமும்தான் அவருடைய மூலதனம் என்றால் அங்கேயே கதை முடிந்திருக்கும். திரும்பி வந்த பருவத்திலும் சராசரியாக 26.9 புள்ளிகள் எடுத்தார். 2021 ஜூனில் யானிஸின் மில்வாக்கிக்கு எதிரான ஏழாம் ஆட்டத்தில் 48 புள்ளிகள்; கடைசி நொடிகளில் அவர் எறிந்த பந்து வளையத்தில் விழுந்தது. ஷூவின் நுனி கோட்டைத் தொட்டிருந்ததால் மூன்றாக வேண்டியது இரண்டாயிற்று. ஆட்டம் சமநிலையாகி, கூடுதல் நேரத்தில் மில்வாக்கி வென்றது.

மறுபக்கம், டிர்க்கின் மூளை 213 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது என்பதையும் மறக்கலாகாது. விரல் நாண் கிழிந்த கையோடும், பின்னர் கடுங்காய்ச்சலோடும் 2011 இறுதித் தொடரை அவர் ஆடினார். அதைத் தாங்கியது கணிதமன்று, உடம்பு.

இவ்வளவையும் மகள் சொன்னாள். தந்தை அசையவில்லை. அவரை அசைத்தது வேறொன்று.

ஒரு ஞாயிறன்று அவள் ஆட்டம் பார்க்க உட்காரவில்லை. கேட்டபோது சொன்னாள்: பயிற்சியாளர் இனி அவளை வளையத்தின் கீழேயே நிற்கச் சொல்லிவிட்டார். ரீபவுண்டைப் பிடித்து மற்றவர்களுக்குக் கொடுத்தால் போதும். எறியப் பழக வேண்டாம். “உனக்கு உடம்பு இருக்கு, அது போதும்னு சொன்னாங்க அப்பா.”

தந்தை நெடுநேரம் பேசவில்லை. பிறகு கிடங்கைப் பற்றிப் பேசினார். முப்பது ஆண்டுகளில் மேற்பார்வையாளர் ஒருவர் மாறி ஒருவர் அவரைப் புதியவர்களிடம் அறிமுகப்படுத்தியது அதே சொல்லால்தான்: நல்ல உடம்புக்காரன். ஒரு வரிசை நீளவாட்டிலும் அடுத்தது குறுக்குவாட்டிலுமாக மூட்டையை அடுக்கினால்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஓரங்கள் உள்நோக்கிச் சற்றே சாய வேண்டும். இல்லாவிட்டால் நடு இரவில் சரியும். அவர் அடுக்கிய எதுவும் சரிந்ததில்லை. கணக்கு எழுதுபவர் வரவில்லையென்றால் எந்த லாரியில் எத்தனை என்று அவரிடம்தான் கேட்பார்கள். ஆனால் மேஜைப் பக்கம் ஓர் இடம் காலியானபோது அவர் பெயர் யார் நினைவுக்கும் வரவில்லை. உடம்புக்காரனுக்கு மேஜையில் என்ன வேலை?

பிறகு அவரே யானிஸின் ஆட்டம் ஒன்றை எடுக்கச் சொன்னார். அவள் எடுத்தது 2021 ஜூலை 20ஆம் நாள் நடந்த இறுதித் தொடரின் ஆறாம் ஆட்டம். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் எதிரணிகள் மூவரைச் சுவர்போல் நிறுத்தி யானிஸை மறித்து அனுப்பியிருந்தன. அந்த ஆண்டின் பிளேஆஃப் முழுவதையும் சேர்த்தால் அவருடைய ஃப்ரீ த்ரோ 60 விழுக்காட்டைத் தொடவில்லை. வெளியூர் அரங்குகளில் அவர் எறிய எடுக்கும் நொடிகளைப் பார்வையாளர்கள் உரக்க எண்ணிக் கேலி செய்தார்கள். அன்று அவர் எடுத்தது 50 புள்ளிகள். ஃப்ரீ த்ரோ 19க்கு 17.

தந்தை புள்ளிகளைப் பார்க்கவில்லை, கால்களைப் பார்த்தார். ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி ஓட்டச் சொன்னார். லாரிக்கும் கிடங்கு வாசலுக்கும் இடையே பலகை போட்டிருப்பார்கள். முதுகில் மூட்டையோடு அதில் ஏறும்போது பலகை வளைந்து எழும். அது எழும் நேரத்தில் அடுத்த எட்டு விழ வேண்டும். ஏறுவதற்கு முன்பே எத்தனை எட்டு என்பது முடிவாகியிருக்க வேண்டும். பலகையின் நடுவே யோசித்தவன் விழுந்தான். திரையில் யானிஸ் மூன்று புள்ளிக் கோட்டருகே பந்தைப் பிடித்தார். முதல் எட்டு இடப்பக்கம், எதிராளி அங்கே சாய்ந்தான். இரண்டாம் எட்டு வலப்பக்கம், அவன் தோளுக்கு அப்பால்.

“இவன் அங்க நிக்கும்போதே எண்ணிட்டாம்ளா” என்றார் தந்தை.

மகள் நோட்டை எடுத்து அந்தச் சொல்லை எழுதினாள். எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல், நடுக்கோட்டின் மேலேயே எழுதினாள்.

பயிற்சியாளர் இன்னும் மனம் மாறவில்லை. பயிற்சி முடிந்து மற்றவர்கள் கிளம்பியபின் அரைமணி நேரம் அவள் தனியே எறிந்து பழகுகிறாள். சில மாலைகளில் தந்தை நடந்தே சென்று கோட்டோரம் நிற்கிறார். பந்து விழுந்ததா என்று அவர் கேட்பதில்லை. பந்தை அவள் கையில் பிடித்த கணத்திலிருந்து, உதட்டளவில், எட்டுகளை எண்ணுகிறார்.