துண்டுக்குள்ளே இருக்கும் கை

எங்கள் வீட்டில் பொதுவில் கிடக்கும் செல்போன் என்னுடையது ஒன்றுதான். அவருடையது காலையிலேயே சட்டைப் பையோடு போய்விடும். என்னுடையதில் மாமியார் பக்திப் பாட்டுக் கேட்பார். கொழுந்தனார் மகன் பாடம் பார்ப்பான். மளிகைக் கடைக்குப் பணம் அனுப்புவதும் அதில்தான். அம்மிக்கல் மாதிரி, யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து அரைத்துக் கொள்ளலாம்.

போன கார்த்திகையில் ஒரு நாள் குளிக்கும்போது இடது மார்பில் சின்னதாக ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு இருக்கும். வலி இல்லை. அவரிடம் சொல்லக் கூச்சம். மாமியாரிடம் சொல்லப் பயம். எல்லோரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு, "மார்பில் கட்டி வலி இல்லை", "மார்பில் கட்டி எதனால்" என்று தேடித் தேடிப் படித்தேன். ஒன்று பயமில்லை என்றது. ஒன்று படித்ததும் உயிரே போய்விட்டது. விடிந்தால் வழக்கம்போல வாசல் தெளித்துக் கோலம் போடுவேன்.

மார்கழியில் அரையாண்டுப் பரீட்சை வந்தது. ஒரு சாயந்திரம் கொழுந்தனார் மகன் திண்ணையில் உட்கார்ந்து, "மாதிரி வினாத்தாள்" என்று தேடுவதற்காக "மா" என்று போட்டான். அந்த ஓர் எழுத்துக்கே, நான் ராத்திரியெல்லாம் தேடியது அத்தனையும் வரிசையாக வந்து நின்றது. பக்கத்தில் மாமியார். "என்ரா தம்பி, அப்படி முழிக்கறே?" என்றார். "ஒண்ணுமில்ல ஆயா, சிக்னல் இல்ல" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அடுப்படி வாசலில் நின்றிருந்த எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போனது.

அன்று ராத்திரிதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் 2020 ஊரடங்கின்போது வீட்டிலிருந்தே பெங்களூர் கம்பெனி வேலை பார்த்தான். "வி.பி.என். போட்டுத்தான் ஆபீசுக்குள்ளே போகணும்ங்க அக்கா, நடுவுல யாரும் எட்டிப் பார்க்க முடியாது" என்று அப்போது சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்றால் எனக்கு வேறென்ன வேண்டும்? இலவசமாகக் கிடைத்த ஒன்றை இறக்கிக் கொண்டேன். ஏதோ அனுமதி கேட்டது. படிக்காமலே "சரி" என்று அழுத்தினேன். திரையின் மேலே குட்டியாக ஒரு சாவிப் படம் வந்தது. அதைப் பார்த்ததும், அப்பாடா, பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக் கொண்டோம் என்று ஒரு நிம்மதி.

அந்த நிம்மதி நாலு நாள்கூட நிற்கவில்லை. எதைத் தொட்டாலும் திரை முழுக்க விளம்பரம். போன் தோசைக்கல்லாய்ச் சுட்டது. பேங்க் செயலி திறக்க மறுத்தது. "மா" என்று போட்டுப் பார்த்தால், பழைய தேடல்கள் அதே வரிசையில் அப்படியே வந்து நின்றன!

பொங்கலுக்கு மகள் வந்தாள். கோவையில் கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் படிக்கிறாள். கரும்பைக் கடித்துக்கொண்டே போனை எடுத்தவள், "இது என்னம்மா சாவி? நீ எதுக்கு வி.பி.என். போட்டிருக்கே?" என்றாள். "சும்மாதான், யாரும் பார்க்கக் கூடாதுன்னு" என்று மென்று முழுங்கினேன். அவர் பக்கத்தில் ஆட்டுக்குட்டிக்குத் தழை ஒடித்துக் கொண்டிருந்தார். "அது என்ன கண்ணு, எனக்கும் புரியற மாதிரி சொல்லு" என்றார்.

மகள் சொன்னாள்: "அப்பா, நாம போன்ல எந்த எடத்துக்குப் போனாலும், எந்த எடம்னு நெட் குடுக்கிற கம்பெனிக்குத் தெரியும். முகவரி பக்கத்துல பூட்டுப் போட்ட எடமா இருந்தா, உள்ளே போய் என்ன படிச்சோம்னு தெரியாது; ஆனா எந்த வாசப்படி ஏறினோம்னு தெரியும். வி.பி.என். போட்டா, நம்ம போக்குவரத்து முழுசும் ரகசிய எழுத்தா மாறி, மொதல்ல வி.பி.என். கம்பெனியோட கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கிருந்துதான் வெளியே போகும். அதனால நெட் கம்பெனிக்கு, இவங்க வி.பி.என்.னுக்குப் போனாங்கங்கிறது மட்டும்தான் தெரியும். அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கும் நம்ம முகவரி தெரியாது, வி.பி.என். முகவரிதான் தெரியும்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "நம்ம சந்தையில துண்டு போட்டு வெலை பேசற மாதிரிதானே?" என்றார்.

மேச்சேரிச் சந்தையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் பத்ரகாளியம்மன் கோவிலுக்கு எவ்வளவு பேரோ, அவ்வளவு பேர் எங்கள் செம்மறியாட்டுக்கும் உண்டு. சந்தையில் விலையை வாய் விட்டுச் சொல்லாமல் பேசும் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. தரகர் தோள்துண்டை எடுத்துக் கையின்மேல் போட்டுக் கொள்வார். துண்டுக்குள்ளே விரலைப் பிடித்தே பேரம் நடக்கும். சுற்றி நிற்பவர்களுக்கு இரண்டு கை தெரியும், ஒரு துண்டு தெரியும், விலை தெரியாது.

"அதேதான்ப்பா!" என்று மகள் துள்ளினாள்.

"அப்போ சுத்தி நிக்கறவனுக்குத்தானே தெரியாது? துண்டுக்குள்ளே கையை உட்ட தரகனுக்கு வித்தவன் வெலையும் தெரியும், வாங்கினவன் வெலையும் தெரியும். தரகன் யோக்கியனா இருக்கணுமே?" என்றார் அவர். ஆடு விற்கப் போனவருக்குப் புரிந்தது எனக்குப் புரியவில்லையே என்று நினைத்துக் கொண்டேன்.

மகள் என் போனில் அந்த அனுமதிச் செய்தியை மறுபடி வரவழைத்துப் படித்துக் காட்டினாள். உங்கள் போக்குவரத்தை இந்தச் செயலி கண்காணிக்க முடியும், நம்பிக்கை இருந்தால் மட்டும் சம்மதியுங்கள் என்ற பொருளில் அதிலேயே எழுதியிருந்தது. "காசு வாங்காம துண்டு விரிக்கிறவனுக்கு வருமானம் எங்கேருந்து வரும்னு யோசிச்சியாம்மா?" என்று கேட்டாள்.

அவள் சொன்ன ஒரு கதை எனக்கு நன்றாக மனதில் பதிந்தது. ஃபேஸ்புக் நிறுவனம் 2013இல் ஒனாவோ என்ற இஸ்ரேல் கம்பெனியை விலைக்கு வாங்கியது. "ஒனாவோ புரொடெக்ட்" என்று ஓர் இலவச வி.பி.என். பேரிலேயே பாதுகாப்பு! ஆனால் அதைப் போட்டுக் கொண்டவர்கள் எந்தெந்தச் செயலியை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற விவரமெல்லாம் ஃபேஸ்புக்கின் வியாபாரத்துக்குப் போய்க் கொண்டிருந்தது. 2018இல் ஆப்பிள் கடையிலிருந்து அது எடுக்கப்பட்டது. 2019இல் மூடியே விட்டார்கள். 2023 ஜூலையில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் அதற்காக 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அவ்வளவு பெரிய கம்பெனியின் துண்டே அப்படி என்றால், ஊர் பேர் தெரியாதவன் துண்டு எப்படி இருக்கும்?

"இது சட்டப்படி தப்பா?" என்று அவர் கேட்டார். தப்பில்லையாம். நம் நாட்டில் வி.பி.என்.னுக்குத் தடை இல்லை. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு குற்றம் செய்தால் குற்றம் குற்றம்தான். 2022 ஏப்ரல் 28ஆம் தேதி மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு ஓர் உத்தரவு போட்டது. இந்தச் சேவை தருபவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், எதற்காக வாங்குகிறார் என்பதையெல்லாம் 5 ஆண்டுகளுக்காவது வைத்திருக்க வேண்டும் என்றது. குற்றவாளிகளைக் கண்டுபிடிக்க இது வேண்டும் என்பது அரசின் கட்சி. எழுதி வைத்தால் அப்புறம் ரகசியம் ஏது என்பது கம்பெனிகளின் கட்சி. எக்ஸ்பிரஸ் வி.பி.என்., சர்ஃப்ஷார்க், நார்டு வி.பி.என். போன்றவை தங்கள் கம்ப்யூட்டர்களை இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டன.

இரண்டு கட்சியிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது. 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு இலங்கையில் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் அரசு முடக்கியபோது, இந்த வி.பி.என். வழியாகத்தான் பலரும் உறவுக்காரர்களோடு பேசினார்களாம். அங்கே அது உயிர் வழி. மோசடிக்காரனுக்கும் அதுவே ஒளிந்துகொள்ளும் வழி.

பேச்சுவாக்கில் மாமியார், "வூட்டுப் பொம்பளைக்கு அப்படி என்ன ஒளிவு மறைவு வேண்டிக் கெடக்குது?" என்றார். மகள் சட்டென்று, "ஆயா, 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டுல 9 நீதிபதிகள் சேர்ந்து, அந்தரங்கம் ஒவ்வொருத்தருக்கும் அடிப்படை உரிமைன்னு தீர்ப்புச் சொல்லியிருக்காங்க. புட்டசாமின்னு ஒரு ரிட்டையர்டு ஜட்ஜுதான், வயசான காலத்துல கேஸ் போட்டாரு. அதுல ஆம்பளை பொம்பளைன்னு இல்ல" என்றாள். மாமியார் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக் கொண்டார். பதில் பேசவில்லை.

ராத்திரி மாடியில் துணி எடுக்கப் போனபோது மகள் பின்னாலேயே வந்தாள். "அம்மா, வி.பி.என். உன் போனுக்கு வெளியே இருக்கிறவங்க கண்ணைத்தான் மறைக்கும். நீ தேடினது உன் கூகுள் கணக்குல எழுதி வெச்சிருக்கு. போனைத் தொடறவங்க எல்லாரும் அதைப் பார்க்கலாம். உனக்கு ஊரைப் பத்திப் பயமில்ல, வீட்டைப் பத்தித்தான் பயம். அப்படி எதைத் தேடினே?" என்றாள்.

சொல்லிவிட்டேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டாள். "கார்த்திகையிலேருந்து" என்றேன்.

கரிநாள் கழியட்டும் என்றுகூட அவள் பார்க்கவில்லை. அவரிடம் அவளே சொன்னாள். மறுநாளே சேலத்தில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். கையால் பார்த்தார், ஸ்கேன், மேமோகிராம் எடுக்கச் சொன்னார், ஊசி போட்டு நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். சாதாரண நீர்க்கட்டி என்று முடிவு வந்தது. "உங்க வயசுல இது நெறைய பேருக்கு வருதும்மா. ஆனா எந்தக் கட்டியா இருந்தாலும் நீங்களா முடிவு பண்ணாதீங்க. வேற மாதிரி இருந்திருந்தா, இந்த ரெண்டு மாசம் பெரிய நஷ்டம்" என்றார். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை செய்கிறார்கள் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரியும். போர்வைக்குள் அவ்வளவு படித்தவளுக்கு, பக்கத்துத் தெருவில் இருப்பது தெரியவில்லை!

ஊருக்குப் போகுமுன் மகள் என் போனைச் சரி செய்துகொடுத்தாள். என்னைப் போன்ற சகோதரிகளுக்கு உதவும் என்று அவள் சொன்னதை எழுதுகிறேன்.

1. போன் பொதுவில் இருந்தால், பிள்ளைகளின் படிப்புக்குத் தனிக் கணக்குப் போட்டுக் கொடுங்கள். நம் கணக்கில் தேடியவற்றை அழிக்கலாம்; 3 மாதத்துக்கு ஒரு முறை தானாகவே அழியும்படியும் கூகுளில் வைக்கலாம்.

2. கூகுள் குரோமில் மறைநிலை என்று ஒன்று உண்டு. அதில் பார்த்தது நம் போனில் தங்காது. ஆனால் நெட் கம்பெனிக்கு அது மறைக்காது.

3. ரயில் நிலையம், லாட்ஜ், ஆஸ்பத்திரி, விடுதி என்று ஊரார் வைஃபையில் இருக்கும்போது வி.பி.என். நல்ல துணை. வீட்டில் நம் சொந்த நெட்டில் எந்நேரமும் அது அவசியமில்லை.

4. வேண்டும் என்றால் காசு கொடுத்து, வெளியாரைக் கொண்டு தணிக்கை செய்து அறிக்கை வெளியிடும் கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள். தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் கேட்கும் வி.பி.என்.னை அப்போதே நீக்கிவிடுங்கள். அதன் வேலைக்கு அவை தேவையே இல்லை.

5. ஓ.டி.பி. எண்ணை நாமே வாய் விட்டுச் சொன்னால் எந்த வி.பி.என்.னும் காப்பாற்றாது. பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

அந்த இலவசச் சாவி இப்போது என் போனில் இல்லை. மகள் மட்டும் விடுதி வைஃபைக்காகக் காசு கட்டி ஒன்று வைத்திருக்கிறாள்.

போன வாரம் கொழுந்தனார் மகன் தன் கணக்கில் பாடம் பார்த்துக் கொண்டிருந்தான். நான் காபி கொண்டுபோய் வைத்தேன். மாமியார் கொல்லைப் பக்கம் போயிருந்தார். அவன் தலையைத் தூக்காமலே மெதுவாகக் கேட்டான்: "பெரியம்மா, உடம்பு இப்போ நல்லாயிடுச்சா?"

மார்கழியிலிருந்து அவன் ஒருத்தரிடமும் வாய் திறக்கவில்லை. "நல்லாயிடுச்சுடா கண்ணு" என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு, காபியை எடுத்துக் குடித்தான்.