எல்லைக் கடையா, ஊர்க் கடையா? காரைக்காலில் ஒரு மாலை

காரைக்காலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் திருநள்ளாற்றுக்கோ நாகூருக்கோ வேளாங்கண்ணிக்கோ போகிறவர்கள். மது விலை குறைவு என்பதற்காகவே வருகிறவர்களும் உண்டு. இந்த இரண்டு கூட்டத்திலும் சேராத மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. பகல் முழுக்க ஊர் சுற்றிவிட்டு, மாலையில் இரண்டு மூன்று நண்பர்களோடு ஓரிடத்தில் உட்கார்ந்து, ஒரு பீரையோ ஒரு குவார்ட்டரையோ வைத்துக்கொண்டு நிதானமாகப் பேச நினைக்கிறவர்கள் அவர்கள். எந்தப் பாருக்குப் போவது என்ற கேள்வி அவர்களுக்குத்தான் உண்மையில் இருக்கிறது. அதற்கு என் பதில் இது: விலைப்பட்டியலைப் பார்க்காதீர்கள், கடை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எல்லையை விட்டு எவ்வளவு விலகி, குடியிருப்புகளுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ, அவ்வளவுக்கு அது உட்காரத் தகுந்த கடை.

காரைக்காலின் அமைப்பைப் புரிந்துகொண்டால் இது விளங்கும். கிழக்கே கடல். மற்ற மூன்று பக்கமும் மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள். தலைநகரான புதுச்சேரி ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்பும், 2011 கணக்கெடுப்பின்படி சுமார் இரண்டு லட்சம் மக்களும் கொண்ட இந்தச் சிறு பகுதியில், தமிழ்நாட்டுக்குள் கால் வைக்காமல் நெடுந்தூரம் போக முடியாது. அதனால் எல்லையை ஒட்டி ஒரு தனி வியாபாரம் வளர்ந்திருக்கிறது. தரங்கம்பாடி, பொறையாறு பக்கமிருந்து நண்டலாற்றைத் தாண்டினால் பூவம்; நாகூர்ப் பக்கமிருந்து வந்தால் வாஞ்சூர்; மேற்கே அம்பகரத்தூர். சோதனைச்சாவடியைத் தாண்டியதும் மதுக்கடைப் பலகைகள் கண்ணில் படும். இந்தக் கடைகளுக்கு வருகிறவர் காரைக்கால்காரர் அல்ல, திரும்பிப் போகவேண்டியவர். கடைசி பஸ்ஸையோ, வாசலில் நிற்கும் தன் பைக்கையோ நினைத்துக்கொண்டே குடிக்கிறார். அவரை உட்கார வைப்பதில் கடைக்காரருக்கு லாபமில்லை, சீக்கிரம் அனுப்புவதில்தான் லாபம். நாற்காலி, வெளிச்சம், உணவு, கழிவறை எல்லாமே அந்தக் கணக்கை ஒட்டித்தான் அமையும்.

இந்த அவசரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971இல் தளர்ந்தது, 1974க்குள் திரும்ப வந்தது, 1981இல் மறுபடி விலகியது. இரண்டு மூன்று தலைமுறைத் தமிழர்கள் குடியை ஒளிந்து செய்யும் காரியமாகவே பழகினார்கள். ஒளிந்து செய்கிறவன் ரசிக்க முடியாது, விழுங்கத்தான் முடியும். கடைகள் சட்டப்படி திறந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். ஒட்டியிருக்கும் பாரை டெண்டர் எடுத்தவர் நடத்துகிறார். தின்பண்டம் விற்பதும் காலி பாட்டில் சேகரிப்பதும்தான் அவருடைய உரிமை. விற்கிறவர் ஒருவர், உட்கார இடம் கொடுக்கிறவர் வேறொருவர் என்றால் வாடிக்கையாளரின் மாலைப் பொழுதுக்கு யாரும் பொறுப்பில்லை. ‘கட்டிங்’ என்ற பழக்கம் இதன் உச்சம். முன்பின் தெரியாத இரண்டு பேர் கடை வாசலில் காசைச் சேர்த்து 180 மில்லி பாட்டில் ஒன்று வாங்குவார்கள். பிளாஸ்டிக் டம்ளர்கள் இரண்டையும் கண் மட்டத்துக்குத் தூக்கி அளவு சரிபார்ப்பார்கள். தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பீய்ச்சி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள். பெயர்கூடக் கேட்டுக்கொள்ள மாட்டார்கள்.

காரைக்காலுக்கு அந்த வரலாறு இல்லை. 1739 முதல் 1954 நவம்பர் வரை, இடையிடையே ஆங்கிலேயர் பிடித்திருந்த ஆண்டுகள் போக, அது பிரெஞ்சுக்காரர்களின் கையில் இருந்தது. சென்னை மாகாணத்தின் மதுவிலக்கு நண்டலாற்றோடு நின்றது. இணைப்புக்குப் பிறகும் புதுச்சேரி தனிச் சட்டத்தோடு நடந்தது. கலால் துறை உரிமம் கொடுக்கிறது, கடையைத் தனியார் நடத்துகிறார்கள். தமிழ்நாட்டில் 1987இல் மூடப்பட்ட கள்ளுக்கடையும் சாராயக்கடையும் இங்கே இன்றும் ஏலத்துக்கு வருகின்றன. பாட்டிலை விற்பவரே மேசை போட்டு உணவும் கொடுப்பது இங்கே சகஜம். ஒளிய வேண்டிய அவசியம் இல்லாத ஊரில்தான் நிதானம் பிறக்க முடியும். ஆகவே எல்லையில் இருக்கும் கடைகள் நிலத்தால் காரைக்காலைச் சேர்ந்தவை, பழக்கத்தால் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. ஊருக்குள் இருக்கும் கடைதான் காரைக்காலின் கடை. பயணி தேடிப்போக வேண்டியது அதைத்தான்.

அதை எப்படி அடையாளம் காண்பது? முதலில் சாப்பாட்டைப் பாருங்கள். வெறும் சுண்டலும் மிக்சரும் வெட்டிய மாங்காயும் மட்டும் வைத்திருக்கிற கடை உங்களை அரைமணிக்கு மேல் எதிர்பார்க்கவில்லை. அடுப்பு எரிகிற கடை எதிர்பார்க்கிறது. அரசலாற்றின் கரையில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிற ஊர் இது. நெத்திலி வறுவலும் எறா தொக்கும் சங்கரா வறுவலும் இங்கே அலங்காரம் அல்ல, அன்றாடம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மே மாதத்தில் “பெரிய மீன் இல்லை சார், நாட்டுப்படகு மீன்தான், வந்ததைப் பொரிச்சுத் தரேன்” என்று சப்ளையர் சொன்னால் அந்தக் கடையை நம்பலாம். அப்போதும் தயங்காமல் ‘ஃப்ரெஷ் வஞ்சிரம்’ என்று சொல்கிற கடை எதைச் சொல்லியும் விற்கும். மீனில் உண்மை பேசுகிற கடைதான் பாட்டிலிலும் உண்மை பேசும். பாட்டில் மூடியை உங்கள் கண் முன்னால் திருகுகிறார்களா, கேட்காமலே பில் வருகிறதா என்பவையும் இதே கேள்வியின் வேறு வடிவங்கள்.

இரண்டாவது, பேச்சுக் காதில் விழ வேண்டும். 1946இல் ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் தனக்குப் பிடித்த மதுக்கடை எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு பத்திரிகைக் கட்டுரையில் விவரித்தார். ரேடியோவும் பியானோவும் இல்லாமல் உட்கார்ந்து பேசும் அளவுக்கு அமைதி, வாடிக்கையாளர்களை அறிந்த பணியாளர்கள், சாப்பாடு, குடும்பத்தோடு உட்காரத் தோட்டம் என்று அவர் எழுதியவற்றில் மதுவின் பங்கு கொஞ்சம்தான். லண்டனின் கணக்கு காரைக்காலுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் நம் ஊர் டீக்கடை பெஞ்சை நினைத்துப் பாருங்கள்: ஒரு டீக்கு ஒரு மணி நேரம் அரசியல் பேசலாம், யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள். அந்த உரிமையைக் கொடுக்கிற பார்தான் நல்ல பார். டிவியை அலறவிட்டு ஏசி ஹாலுக்குக் கூடுதல் விலை வாங்குகிற இடத்தைவிட, மின்விசிறி சுழலும் அமைதியான ஹால் மேல்.

மூன்றாவது, அக்கம்பக்கம். மாங்கனித் திருவிழா நடக்கும் அம்மையார் கோயிலும் மஸ்தான் சாகிப் தர்காவும் மாதா கோயிலும் நடந்தே போய்வரக்கூடிய தொலைவில் இருக்கிற ஊர் இது. இப்படிப்பட்ட ஊரின் தெருவில் கடை நடத்துகிறவர் அக்கம்பக்கத்தாரின் முகத்தில் தினமும் விழித்தாக வேண்டும். நாலு வீடு தள்ளி இருக்கிறவர்தான் அவருடைய வாடிக்கையாளர். இன்று தகராறு நடந்தால் நாளைக்கு வியாபாரம் போகும். அளவு மீறியவருக்கு “போதும்ணே, வீட்டுக்குப் போங்க” என்று சொல்கிற தைரியம் அந்தக் கடைக்குத்தான் வரும். எல்லைக் கடையில் அதைச் சொல்ல யாருக்கும் அவசியமில்லை. அந்த மனிதரை அவர்கள் மறுபடி பார்க்கப் போவதில்லை.

இதற்கு முதல் மறுப்பு விலையைச் சொல்லி வரும். எல்லையிலேயே மலிவாகக் கிடைக்கும்போது ஊருக்குள் போய் ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? கணக்கை முழுதாகப் போட்டால் விடை மாறும். எல்லைக் கடையில் குடித்தவர் பெரும்பாலும் வண்டியோடுதான் வந்திருப்பார், வண்டியோடுதான் போவார். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மிச்சமானதைப் பையில் வைத்துக்கொண்டு சோதனைச்சாவடியைத் தாண்ட முயன்றால் தமிழ்நாட்டின் மதுவிலக்குச் சட்டம் காத்திருக்கிறது, வண்டியே பறிமுதலாகலாம். உயிருக்கு வரும் ஆபத்தைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று சொன்னது இதை நினைத்துத்தான். சிறிய ஊர்களுக்கு 220 மீட்டர் என்று பின்னர் தளர்த்தப்பட்டது, நகர எல்லைகளுக்கு விலக்கும் வந்தது. ஆனால் அந்த உத்தரவின் அடிப்படை மாறவில்லை: சாலையோரக் கடையின் வாடிக்கையாளர் வண்டி ஓட்டுகிறவர். ஊருக்குள் தங்கி, நடந்து போய், நடந்து திரும்புகிறவர் கூடுதலாகக் கொடுக்கும் நூறு ரூபாய் செலவல்ல, காப்பு.

இரண்டாவது மறுப்பு கனமானது. மது குடும்பங்களை அழிக்கிறபோது நல்ல பார், கெட்ட பார் என்று பிரித்துப் பேசலாமா? இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மதுக்கடையை அகற்றக் கோரிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31 அன்று போராட்டத்தின்போதே உயிரை விட்டார். கடைகளுக்கு முன்னால் உட்கார்ந்த பெண்களின் துயரம் உண்மையானது. பாதுகாப்பான மது அளவு என்று எதுவுமே இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. இவை எதையும் நான் மறுக்கவில்லை. குடிக்காதவர் குடிக்கத் தொடங்க ஒரு காரணமும் இல்லை. குடியை விட்டவரும், அதை விட முடியாமல் தவிக்கிறவரும் எந்தப் பாரின் பக்கமும் போகக்கூடாது. ஆனால் எப்போதாவது குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், இருக்கப்போகிறார்கள். அவர்கள் வெறும் வயிற்றில் பத்து நிமிடத்தில் குடிக்கிறார்களா, சாப்பாட்டோடு இரண்டு மணி நேரத்தில் ஒன்றோடு நிறுத்துகிறார்களா என்பது உடலுக்கும் வீட்டுக்கும் சாலைக்கும் பெரிய வித்தியாசம். அந்த வித்தியாசத்தைத் தீர்மானிப்பதில் கடைக்குப் பங்கு உண்டு.

மூன்றாவது மறுப்புக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இந்தக் கடைகளில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். தோழியோ மனைவியோ உடன் வந்தால், ஓட்டலோடு சேர்ந்த, சாப்பிட மட்டும் வருகிறவர்களும் உட்காருகிற ரெஸ்டாரண்ட் பார்தான் இன்றைக்குத் தகுந்த இடம். அங்கே விலை கூடத்தான் செய்யும். ஊர்க் கடையை நான் எவ்வளவு உயர்த்திச் சொன்னாலும், ஊரில் பாதிப் பேர் உள்ளே வரத் தயங்குகிற இடம் ஊருக்கான இடமாக முழுமை அடையவில்லை. நல்ல வெளிச்சம், சுத்தமான கழிவறை, முகம் சுளிக்காத பணியாளர் என்ற மூன்றில் தொடங்கினாலே இதில் பாதி மாறும். உரிமம் கொடுக்கிறபோது அரசு இந்த மூன்றையும் கட்டாயமாக்கலாம்.

காரைக்காலில் ஒரு மாலை கழிக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சனிக்கிழமையைத் தவிருங்கள், திருநள்ளாற்றுக் கூட்டத்தில் விடுதியும் உணவகமும் நிரம்பிவிடும். வண்டியை விடுதியில் விட்டுவிட்டுக் கிளம்புங்கள். முதலில் அரசலாற்றங்கரையோரமாகக் கடற்கரை வரை நடந்துவிட்டு, நல்ல பசியோடு திரும்புங்கள். பாட்டில் எதையும் ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள். உங்கள் கூட்டத்தில் குடிக்காத நண்பர் ஒருவர் நிச்சயம் இருப்பார். எந்தக் கடை என்ற முடிவை அவரிடம் விடுங்கள். குடிக்காதவருக்கும் இரண்டு மணி நேரம் உட்காரப் பிடிக்கிற கடையே சரியான கடை.