மௌனத்திற்கு மதிப்பெண் ஏது?

சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907 ஆம் ஆண்டு சென்னையில் நூறு செய்திகளை ஒருசேர நெஞ்சிற்கொண்டு அவையோரை வியப்பில் ஆழ்த்தினார். அவர் பிறந்த இடலாக்குடிக்கு அண்மையிலுள்ள கோட்டாற்றில் வாழும் யாமோ, ஐம்பது பேர் கூறிய விடைகளுக்கே கணிப்பொறியின் துணையை நாடினோம்.

கோட்டாறு கடைத்தெருவில் பணிபுரிவோரின் மனநிறைவை அளப்பதே எம் ஆய்வு. அமெரிக்க உளவியலறிஞர் லிக்கர்ட் 1932 இல் வெளியிட்ட முறையைத் தழுவி, 1 முதல் 5 வரை மதிப்பெண் வகுத்தோம். விடை கூறாதோர்க்கு 9 எனக் குறித்தோம். நியூசிலாந்தில் அறிஞர் இருவர் உருவாக்கி 1993 இல் அறிமுகப்படுத்திய, விலையின்றிக் கிடைக்கும் 'ஆர்' மென்பொருளில் அவற்றைப் பதிந்தோம். சராசரி 3.42 என வந்தது. நடுநிலையாகிய மூன்றைக் கடந்ததே என்று மகிழ்ந்தோம்.

தாளை நோக்கிய மூத்த பேராசிரியர், "தம்பி, இந்த ஒன்பதுகள் யார்?" என்றார்.

நாணினோம். வாய் திறவாத ஐவரையும் கணிப்பொறி எல்லாரினும் மகிழ்ந்தோராக எண்ணிவிட்டது! அவ்வைவரை நீக்கியதும் சராசரி 2.8 ஆயிற்று, முடிவே தலைகீழானது. விடையின்மைக்குரிய 'என்ஏ' என்னும் குறியை இட்டிருப்பின், 'ஆர்' சராசரி கூறாது நின்று எம்மை எச்சரித்திருக்கும்.

மீண்டும் கடைத்தெருவிற்குச் சென்று அவ்வைவரைத் தனியே கண்டோம். முன்பு யாம் வினவியபோது முதலாளி அருகில் நின்றதே அவர்தம் மௌனத்திற்குக் காரணம் என்றறிந்தோம்.

மாணவச் செல்வங்களே! கணிப்பொறியின் கட்டளைகளைக் கற்பீர். பேசாதவரையும் தேடிச் செல்வீர். எண்ணுவது பொறியின் பணி. எண்ணிப் பார்ப்பது நம் கடமை.