ரெண்டு அங்குலம்

இருபத்தைந்து வயசான காரை எவனாவது உயரம் ஏற்றுவானா என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் கேட்டாள். "நமக்கே முட்டி வலி. அதுக்கு எதுக்கு இப்போ உயரம்?"

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். நான் இருப்பது அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தில், டென்வருக்குப் பக்கத்தில். மாடி ஜன்னலைத் திறந்தால் ராக்கி மலை. 2001-ல் இங்கே வந்ததும் வாங்கிய முதல் கார், 1998 மாடல் சுபாரு லெகஸி. செகண்ட் ஹேண்ட். நாலு கதவும் பின்னால் டிக்கியும் வைத்த சாதாரண செடான்தான். ஒரே விசேஷம், என்ஜினின் சக்தி நாலு சக்கரங்களுக்கும் போகும். பனி கொட்டும் நாளில் பக்கத்து வீட்டுக் கார்கள் எல்லாம் வழுக்கித் திணற, இது மட்டும் கோயில் யானை மாதிரி நிதானமாகக் கிளம்பிப் போகும். மகன் பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து அவனை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இதில்தான். விற்க மனசு வரவில்லை.

அந்த மகனுக்கு 2023-ல் பதினெட்டு. ஆகஸ்டில் காலேஜ், வேறு ஊர். கடைசி இரண்டு வருஷமாக என்னோடு அவன் பேசியதை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம். 'ம்', 'தெரியல', 'அப்புறம்'. அப்படிப்பட்டவன் ஏப்ரலில் ஒருநாள் தானாக வந்து, "அப்பா, லெகஸியை லிஃப்ட் பண்ணலாமா? மலைக்குப் போகலாம்" என்றான். ஒரு முழு வாக்கியம்! அவன் காரில் றெக்கை கட்டலாம் என்று சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பேன்.

இது ஒன்றும் பைத்தியக்கார யோசனை இல்லை. சுபாரு கம்பெனியே செய்த காரியம்தான். 1990-களின் நடுவில் அமெரிக்கர்கள் ஜீப் மாதிரி உயரமான வண்டிகளாகப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தபோது, சுபாருவிடம் அப்படி எதுவும் இல்லை. இருந்த லெகஸி ஸ்டேஷன் வேகனையே கொஞ்சம் உயர்த்தி, 'அவுட்பேக்' என்று பெயர் வைத்து, 'க்ரோக்கடைல் டண்டீ' பட நாயகன் பால் ஹோகனை விளம்பரத்தில் நிறுத்தினார்கள். வயிற்றுக்கும் தரைக்கும் 7.3 அங்குல இடைவெளி. விற்றுத் தள்ளியது.

நாங்கள் செய்ததும் அதேதான், கொஞ்சம் மலிவாக. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு ஸ்ட்ரட் உண்டு. ஸ்பிரிங்கும் ஷாக் அப்ஸார்பரும் சேர்ந்த கம்பம் அது. அதன் தலை காரின் உடம்பில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும். அந்த இடத்தில் இரண்டு அங்குல அலுமினியக் கட்டையை நடுவில் சொருகி, நீளமான போல்ட் போட்டு முறுக்கினால், கார் இரண்டு அங்குலம் எழுந்து நிற்கும். அவ்வளவுதான் என்று நினைத்தோம்.

இல்லை, ஸார்! பின் சக்கரத்தை முன்பக்கமிருந்து ஒரு கை பிடித்துக்கொண்டிருக்கிறது. கார் எழும்பினால் அந்தக் கை கீழே சாய்ந்து, சக்கரத்தை முன்னால் இழுத்துவிடுகிறது. டயர் உள்ளே உரசும். ஆகவே கையின் பிராக்கெட்டுக்கும் ஒரு கட்டை. அடுத்து, சக்கரங்கள் நேராக நிற்காமல் சாய்கின்றன. அலைன்மென்ட்காரர் வண்டியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு டயர். 24 அங்குல விட்டத்துக்குப் பதில் 25 போட்டோம். இதில் கிடைக்கும் உயரம் அரை அங்குலம்தான் (மீதி அரை, அச்சுக்கு மேலே போய்விடுகிறது). உபரியாக, ஸ்பீடாமீட்டர் 60 என்று பொய் சொல்லும்போது நிஜ வேகம் 62.5. இதையெல்லாம் காருக்கடியில் மல்லாந்து படுத்தபடி என் மகன்தான் எனக்கு விளக்கினான். தமிழில், பாதி ஆங்கிலத்தில், வாய் ஓயாமல். ஆறு சனிக்கிழமைகள். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன்.

முதலில் போரியாஸ் கணவாய். 11,481 அடி. 1937 வரை குட்டி ரயில் ஓடிய தடம் என்பதால் ஏற்றம் சாது. உச்சியில் பெருமையாக நின்று போட்டோ எடுக்கும்போது, பின்னாலேயே ஒரு வாடகை கார், லிஃப்ட் இல்லாமல், இரண்டு பாட்டிகளுடன் வந்து நின்றது.

அந்த ரோஷத்தில்தான் ஜூலையில் ஜார்ஜியா கணவாய். 11,585 அடி. தெற்கே ஜெஃபர்சன் ஊர்ப் பக்கமிருந்து ஏறினால் பரவாயில்லை. நாங்கள் வடக்கே, பிரெக்கன்ரிட்ஜ் பக்கம். அந்தப் பக்கம் முரடு. அந்த உயரத்தில் காற்று மெலிந்து, என்ஜின் தன் பலத்தில் மூன்றில் ஒரு பங்கை இழந்து மூச்சு வாங்கியது. ஸ்டியரிங்கில் நான். படிக்கட்டு மாதிரி ஒரு பாறையில் முன் சக்கரம் ஏறி இறங்கியது. கார் ஒரு பக்கம் சாய்ந்து நின்றுவிட்டது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் இடது முன் சக்கரமும் வலது பின் சக்கரமும் காற்றில் ஜோராகச் சுற்றுகின்றன. தரையில் இருக்கும் மற்ற இரண்டும் சும்மா நிற்கின்றன.

நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும் என்றேனே, அதில் ஒரு ஓட்டை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இருக்கும் சாதாரண டிஃபரன்ஷியல்கள், சுலபமாகச் சுற்றும் சக்கரத்தையே சுற்றிவிடும். குறுக்காக இரண்டு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் தீர்ந்தது. நாங்கள் சொருகிய கட்டை உடம்பைத்தான் உயர்த்தியது. சக்கரம் பள்ளத்தைத் தேடி இறங்கும் தூரம் ஒரு நூல்கூடக் கூடவில்லை. பின்னால் உருளவும் முடியாது, ஏறி வந்த பாறை முட்டுக்கொடுக்கிறது. வலது பக்கம் எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

தொங்கும் சக்கரத்தின் கீழே கல் அடுக்கலாம் என்று ஜாக்கியை எடுத்தான். காரோடு வந்த ஜாக்கி. கார் உயர்ந்துவிட்டது, ஜாக்கி உயரவில்லை! எட்டவில்லை. நல்லவேளை, டிக்கியில் ஒரு மரப்பலகை இருந்தது. அதன்மேல் ஜாக்கி வைத்து, முக்கால் மணி நேரம் கல் பொறுக்கி அடுக்கினோம். மணி ஒன்று. இந்த மலைகளில் கோடை மதியம் என்றால் இடி, மின்னல். பன்னிரண்டுக்கு முன் மரங்களுக்குக் கீழே இறங்கிவிட வேண்டும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரிந்த விதி. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"ஏறிடலாம்டா, இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்றேன். அவன் பதில் சொல்லாமல் மேலே நடந்துபோய்ப் பார்த்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் வந்தான்.

"இதே மாதிரி இன்னும் மூணு இருக்குப்பா. திரும்பிடலாம்."

"இவ்வளவு செலவு பண்ணிட்டா?"

"அப்பா." அவ்வளவுதான் சொன்னான். என் அப்பா என்னைக் கூப்பிடும் அதே தொனி. தூரத்தில் முதல் இடி கேட்டது.

கல் மேல் சக்கரம் பிடித்தது. அவன் பின்னால் நின்று கை காட்ட, கண்ணாடியில் அவன் கையை மட்டும் பார்த்துக்கொண்டு, ரிவர்ஸில் அங்குலம் அங்குலமாக இறங்கினேன். திருப்ப இடம் கிடைத்ததும் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டேன். என் கை நடுங்கியது அவனுக்குத் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. கியரை 1-ல் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே இல்லாமல், என்ஜினின் பிடியிலேயே காரை இறக்கினான். மரங்களுக்குள் நுழைந்தபோது ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது.

வீட்டுத் தெருவில் திரும்பும்போது டிக் டிக் என்று சத்தம். இரண்டு அங்குலத்தில் ஆக்ஸில் கோணம் அதிகமாகி, சி.வி. ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் எல்லாம் சக்கரத்துக்குள் தெறித்திருந்தது. "முழுசா வந்தீங்களா?" என்று மனைவி கேட்டாள். "கார் மட்டும் இல்லம்மா" என்றான் அவன்.

ஆகஸ்டில் கட்டைகளைக் கழற்றி, ஒரு அங்குலக் கட்டையாக மாற்றி, காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பழைய கட்டைகளில் ஒன்று இதை எழுதும்போது என் மேஜையில் இருக்கிறது. காகிதம் பறக்காமல் இருக்க. போன ஞாயிறு போன் செய்தான். அம்மாவிடம் இரண்டு நிமிஷம். பிறகு என்னிடம், "அப்பா, அந்த மரப்பலகை அங்கேயா இருக்கு?" என்றான். கராஜுக்குப் போய்த் தேடிக்கொண்டே நாற்பது நிமிஷம் பேசினோம்.